பிள்ளைகளிடம் பொய் சொல்லாத வைத்தியர்

சாள்ஸ் வெஸ்ற் (1816 – 1898)

நோயுற்ற பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லும் வழியில் பெற்றோராகிய நாம் எத்தனை பொய்கள் சொல்கிறோம்! ஊசி போடமாட்டார்கள் என்கிறோம். மருந்து தேன்போல இனிக்கும் என்கிறோம். அம்மா இங்கேயே நிற்பேன் என்று சொல்லிவிட்டு, பிள்ளை கண்ணயர்ந்ததும் மெதுவாக வெளியேறிவிடுகிறோம். குழப்படி செய்தால் டொக்டரிடம் சொல்லி ஊசி போடுவிப்பேன் என்று வீட்டில் வெருட்டிய அதே வாயால், டொக்டர் நல்லவர் என்று வைத்தியசாலையில் சொல்ல வேண்டிய நிலையும் வந்துவிடுகிறது. இவற்றை நாம் அன்பினாலேயே செய்கிறோம். ஆயினும், பிள்ளை கண்விழித்து உண்மையை அறியும்போது அதன் உள்ளத்தில் என்ன நிகழ்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே இதை எண்ணிப் பார்த்த ஒரு வைத்தியர் இருந்தார். இங்கிலாந்திலே பிள்ளைகளுக்கெனக் கட்டில்களோடு அமைந்த முதலாவது வைத்தியசாலையை நிறுவியவர் அவர். பிற்காலத்தில் கத்தோலிக்க திருச்சபையைத் தழுவியவரும் ஆவார். அவர் பெயர் சாள்ஸ் வெஸ்ற்.

கடை வாசலில் தொடங்கிய கல்வி

சாள்ஸ் வெஸ்ற் 1816ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 8ஆம் திகதி இலண்டனிற் பிறந்தார். தந்தையார் பப்ரிஸ்த சபையில் பிரசங்கம் செய்தவர். பின்னர் பக்கிங்காம்ஷயரிலுள்ள அமர்ஷாம் என்னும் ஊரில் ஒரு பள்ளிக்கூடமும் நடத்தியவர். பதினைந்து வயதானபோது மகனை அவ்வூரிலிருந்த மருந்து வைத்தியர் ஒருவரிடம் தொழில் பழக விட்டார்கள். மருந்து இடித்தும் அளந்தும் குப்பிகளில் நிரப்பியும் வைத்தியத்தின் அரிச்சுவடியைக் கற்ற அவ்விளைஞர், 1833இல் இலண்டன் புனித பர்த்தலோமேயு வைத்தியசாலையில் மாணவராகச் சேர்ந்தார்.

அக்காலத்தில் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதோர் ஒக்ஸ்போட் சர்வகலாசாலையிற் பட்டம் பெற முடியாது. கத்தோலிக்கருக்கு மட்டுமன்றி, பப்ரிஸ்தரின் பிள்ளைகளுக்கும் அக்கதவு மூடியே இருந்தது. எனவே வெஸ்ற் கடல் கடந்து ஜேர்மனியிலுள்ள பொன் நகரிலும், பாரிசிலும், பேர்லினிலும் கற்று, 1837இல் பேர்லினில் வைத்தியப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. மூடிய கதவு ஒருவகையில் அவருக்கு நன்மையே செய்தது எனலாம். பாரிசில் 1802 தொடக்கமே நோயுற்ற பிள்ளைகளுக்கெனத் தனி வைத்தியசாலை ஒன்று இயங்கி வந்தது. இங்கிலாந்தில் அப்படி ஒன்று இருக்கவில்லை.

தாய்நாடு திரும்பி இலண்டன் நகரில் வைத்தியத் தொழில் தொடங்கினார், அது வாய்க்கவில்லை. டப்ளின் சென்று அங்குள்ள வைத்தியசாலைகளிற் சிறிது காலம் பயின்றார். மீண்டும் இலண்டன் வந்து, 1839 முதல் வோட்டலூ வீதியிலிருந்த பிள்ளைகளுக்கான இலவச மருந்தகத்திற் பணிபுரியத் தொடங்கி, 1842இல் அதன் வைத்தியராக நியமனம் பெற்றார். அந்த மருந்தகம் அவர் பிறந்த அதே 1816ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது.

ஏழைகளின் வீட்டுப் படிக்கட்டுகளில்

அந்த மருந்தகத்தில் மருந்து கொடுக்கலாம். பிள்ளையைக் கிடத்திப் பார்க்கக் கட்டில் கிடையாது. நோய் முற்றிய பிள்ளைகளைத் தேடி வெஸ்ற் அவர்களின் வீடுகளுக்கே செல்ல வேண்டியிருந்தது. ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் சமைத்து, உண்டு, உறங்கி, நோயும் கண்ட காலம் அது. ஒரு பிள்ளைக்குச் செங்கமாரியோ சின்னமுத்தோ கண்டால் மற்றப் பிள்ளைகளை எங்கே ஒதுக்குவது? கூலிவேலைக்குப் போகும் தாய் நோயாளிப் பிள்ளையை யாரிடம் விட்டுச் செல்வது?

பெரிய வைத்தியசாலைகள் இருந்தனவே என்று கேட்கலாம். இருந்தன, ஆனால் பிள்ளைகளுக்கு அங்கே இடம் அரிது. 1843ஆம் ஆண்டுக் கணக்கொன்றின்படி, இலண்டன் வைத்தியசாலைகளிற் கிடந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளருள் பத்து வயதுக்குட்பட்டோர் 26 பேர் மாத்திரமே. அதே இலண்டனில் ஆண்டுதோறும் இறந்த ஏறத்தாழ 50,000 பேரில் 21,000 பேர் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். காலை வெட்டவோ கல்லை எடுக்கவோ நேர்ந்து உள்ளே சேர்க்கப்பட்ட ஒரு சில பிள்ளைகளும் வளர்ந்தோரின் விடுதியில், அவர்களின் முனகலுக்கும் மரணத்துக்கும் நடுவே கிடந்தார்கள்.

வெஸ்ற் அந்த மருந்தகத்தையே கட்டில்களுள்ள வைத்தியசாலையாக மாற்ற முயன்றார். நிர்வாகத்தினர் இசையவில்லை. 1849 அளவில் அங்கிருந்து விலகி, கையிற் கட்டடமும் பணமும் இல்லாமலே புதிதாகத் தொடங்கத் துணிந்தார்.

பத்துக் கட்டில்கள்

1850இல் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்னும் வைத்தியரும் வேறு நல்லோர் சிலரும் அவரோடு சேர்ந்து ஒரு குழு அமைத்தனர். எதிர்ப்புக்குக் குறைவில்லை. பொது வைத்தியசாலைகளுக்குக் கிடைக்கும் நன்கொடை குறைந்துவிடும் என்றனர் சிலர். பிள்ளைகளை ஓரிடத்தில் குவித்தால் ஒட்டுநோய் பரவும் என்றனர் வேறு சிலர். தாயின் கடமையைப் பிறர் ஏற்பது முறையல்ல என்ற வாதமும் எழுந்தது. பின்னர் தாதியர் உலகின் தலைமகளாகிய புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரே பிள்ளைகளுக்குத் தனி வைத்தியசாலை வேண்டுமா என ஐயம் தெரிவித்து எழுதினார்.

அந்த வாதங்களில் உண்மையே இல்லை என்று வெஸ்ற் எண்ணவில்லை. கைக்குழந்தைக்குத் தாயின் மடியே சிறந்த இடம் என்பது அவருடைய எண்ணமுமாகும். ஆதலால், புதிய வைத்தியசாலையின் தொடக்க விதிகளின்படி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் விசேட காரணமின்றி உள்ளே சேர்க்கப்படவில்லை, வெளிநோயாளராகவே பார்க்கப்பட்டனர்.

1852 பெப்ரவரி 14ஆம் திகதி கிறேற் ஓமண்ட் வீதி 49ஆம் இலக்க வீட்டில், முன்னொரு காலத்தில் றிச்சட் மீட் என்னும் அரச வைத்தியர் குடியிருந்த பழைய மாளிகையில், பத்துக் கட்டில்களோடு வைத்தியசாலை திறக்கப்பட்டது. முதலாவதாகச் சேர்க்கப்பட்டவள் சயரோகம் கண்ட ஒரு சிறுமி. தொடக்க வாரங்களில் வந்தோர் மிகச் சிலரே. தங்கள் பிள்ளைகளை என்ன செய்துவிடுவார்களோ என்று ஏழைத் தாய்மார் அஞ்சினர். சிறிது சிறிதாக அந்த அச்சம் நீங்கிற்று. பின்னர் வாசலில் நெருக்கம் தாங்க முடியவில்லை.

விக்ரோறியா மகாராணியார் வைத்தியசாலையின் புரவலரானார். எழுத்தாளர் சாள்ஸ் டிக்கன்ஸ் திறப்புவிழா முடிந்த சில வாரங்களிலேயே தமது சஞ்சிகையில் அதைப் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். 1858 பெப்ரவரியில் நடந்த விருந்தில் அவர் ஆற்றிய உரை ஒரே இரவில் மூவாயிரம் பவுணுக்கு மேல் திரட்டித் தந்தது. அப்பணத்தின் பயனாக அயல்வீடும் வாங்கப்பட்டுக் கட்டில்கள் பெருகின. டிக்கன்ஸ் பின்னர் எழுதிய நாவல் ஒன்றில், இத்தகைய வைத்தியசாலையில் இறக்கும் ஓர் ஏழைச் சிறுவன், தனது நெஞ்சுக்கு மேலே ஒரு சிறு பலகையில் அடுக்கப்பட்டிருந்த விளையாட்டுப் பொருள்களைப் பக்கத்துக் கட்டிற் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுக் கண்மூடுகின்றான். அந்தப் பலகை கதைக்காகக் கற்பனை செய்யப்பட்டதன்று. படுக்கையிற் கிடக்கும் பிள்ளைக்கும் விளையாட்டு வேண்டும் என்பது அவ்வைத்தியசாலையின் வழக்கமாகவே இருந்தது.

அழுகையின் மொழி

வெஸ்ற் பிள்ளைகளின் நோய்கள் பற்றி ஆற்றிய விரிவுரைகள் 1848இல் நூலாக வெளிவந்து, ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் பெயர்க்கப்பட்டன. அந்நூலின் தொடக்கத்திலேயே அவர் இளம் வைத்தியர்களுக்கு ஒரு பாடம் சொன்னார். பேசத் தெரியாத பிள்ளையிடம் கேள்வி கேட்டுப் பயனில்லை; நாடியைப் பிடித்தால் திமிறும், முகத்தைப் பார்த்தால் அழும். இதனாற் சலிப்படையும் வைத்தியர் பிள்ளை வைத்தியத்தையே வெறுத்துவிடுவார். பிள்ளைக்கும் ஒரு மொழி உண்டு. முகக்குறியும் கைகாலசைவும் அழுகையுமே அம்மொழி. அதைக் கற்பது வைத்தியரின் கடமை என்றார்.

அறைக்குள் நுழைந்ததும் நேரே பிள்ளையிடம் போகாமல், சற்றுத் தள்ளி இருந்து தாயோடு மெதுவாகப் பேச வேண்டும். அப்படிப் பேசும்போதே மூச்சையும் முகநிறத்தையும் கவனித்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்த கையால் தொடக்கூடாது. பிள்ளை பழகியபின்பே அருகிற் செல்ல வேண்டும். பிள்ளை உறங்கினால் அதுவே நல்ல வேளை, மூச்சை எண்ணிவிடலாம். இவ்வாறெல்லாம் அவர் வழிகாட்டினார்.

1854இல் தாதியருக்கென ஒரு சிறு நூல் எழுதினார். நோயுற்ற பிள்ளைகளைப் பராமரிக்கும் முறை பற்றியது அது. வயிற்றுநோயால் அழும் பிள்ளை கண்ணீர் வடித்துக் கால்களை மடக்கும். நெஞ்சுநோயால் வருந்தும் பிள்ளை இருமியபின் அடக்கமாக அழும். மூளையில் நோய் கண்ட பிள்ளை இடையிடையே கூரிய குரலில் அலறும். அழுகையிலே இத்தனை வேறுபாடு உண்டென்பதைப் படிப்பறிவு குறைந்த ஏழைப் பெண்களுக்கும் விளங்கும்படி எழுதினார். பிள்ளைகளிடத்தில் அன்பில்லாதவர் இவ்வேலைக்கு ஏற்றவரல்லர் என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவர் வற்புறுத்தியது உண்மை பேசுதலை. கசக்கும் மருந்தை இனிப்பென்று சொல்லக்கூடாது. நோகும் சிகிச்சையை நோகாது என்று சொல்லக்கூடாது. ஒருமுறை ஏமாற்றப்பட்ட பிள்ளை அடுத்த முறை மெய்யான ஆறுதலையும் நம்பாது. நோயோடு போராடும் பிள்ளைக்கு வைத்தியர்மீதும் தாதிமீதும் உள்ள நம்பிக்கையே பெரிய பலம். அதை ஒரு பொய்யினால் விற்றுவிடலாகாது என்பதே அவர் கருத்து.

பிள்ளையின் உள்ளத்தைப் பற்றியும் அவர் ஆராய்ந்தார். வளர்ந்தவனுக்கு நாளை குணமாகும் என்ற எண்ணம் ஆறுதல் தரும். பிள்ளையோ இன்றைக்குள் வாழ்கின்றது. இன்றைய நோவே அதற்கு முழு உலகம். இரவில் வெருண்டு எழும் பிள்ளையைப் பரிகசிக்கவோ தண்டிக்கவோ கூடாது. அறையில் ஒரு விளக்கு எரியட்டும், பழகிய ஒருவர் அருகில் இருக்கட்டும் என்றார். மனோதத்துவம் என்னும் சாஸ்திரம் பிள்ளைகளின் பக்கம் திரும்பாத காலத்தில் சொல்லப்பட்டவை இவை.

சத்திரசிகிச்சையும் அக்காலத்திற் புதுவழி கண்டுகொண்டிருந்தது. 1846இல் ஈதரும், 1847இல் குளோரபோமும் மயக்க மருந்துகளாகப் பயன்பட்டன. 1865இல் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்ரர், வண்டிச் சில்லு ஏறிக் கால் முறிந்த பதினொரு வயதுச் சிறுவனின் காயத்துக்குக் காபோலிக் அமிலம் இட்டுக் கட்டி, சீழ் வைக்காமல் அக்காலைக் காப்பாற்றினார். நோவும் கிருமியும் இவ்வாறு அடக்கப்பட்டன. பிள்ளையின் அச்சத்தை அடக்கும் மருந்து மாத்திரம் எந்தக் குப்பியிலும் வரவில்லை. அதற்கான வழியைத்தான் வெஸ்ற் தமது தாதியருக்குக் கற்பித்துக்கொண்டிருந்தார்.

இறுதி ஆண்டுகள்

1870களில் சாள்ஸ் வெஸ்ற் கத்தோலிக்க திருச்சபையைத் தழுவினார். பெரும் பதவியிலும் புகழிலும் இருந்த ஆங்கிலேயர் ஒருவருக்கு அக்காலத்தில் அது எளிதான காரியமன்று. அதே காலத்தில் வைத்தியசாலை நிர்வாகத்தோடும் அவருக்குக் கருத்து வேறுபாடுகள் முற்றின. தாம் தேடித் திரட்டி, கட்டில் கட்டிலாக வளர்த்த வைத்தியசாலையை விட்டு அவர் வெளியேற நேர்ந்தது. 1877இல் பிள்ளைகளுக்கான வைத்தியசாலைகளை அமைத்து நடத்தும் முறை பற்றி ஒரு நூல் எழுதினார். 1880 அளவிலிருந்து உடல்நலத்தின் பொருட்டுக் குளிர்காலங்களைத் தென் பிரான்சிலுள்ள நீஸ் நகரிற் கழித்தார். அப்போதும் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. 1885இல் தாய்மாருக்கெனப் பிள்ளை நோய்கள் பற்றிய கைந்நூல் ஒன்றை வெளியிட்டார். முதலில் வைத்தியருக்கும், பின்னர் தாதியருக்கும் எழுதியவர், முதுமையில் தாய்மாரிடம் வந்து சேர்ந்தார்.

1898 மார்ச் 19ஆம் திகதி பாரிசில் அவர் காலமானார். குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி வளர்த்தவரும், நல்மரணத்தின் பாதுகாவலருமான புனித சூசையப்பரின் திருநாள் அது.

மறந்ததும் மீண்டதும்

அவர் போனபின் வைத்தியசாலைகள் வளர்ந்தன. ஒழுங்கும் சுத்தமும் கூடின. ஆனால் பிள்ளையின் உள்ளத்தைப் பற்றிய அவருடைய பாடம் பெரும்பாலும் மறக்கப்பட்டது. ஒட்டுநோய்க்கு அஞ்சியும், தாயைக் கண்டால் பிள்ளை அழும் என்று சொல்லியும், தாய்மாரை வாசலிலேயே நிறுத்தினார்கள். 1950 அளவிலும் இங்கிலாந்தின் பல வைத்தியசாலைகளில் வாரத்துக்கு ஓரிரு மணித்தியாலமே பிள்ளையைப் பார்க்கலாம். சிலவற்றில் அதுவும் இல்லை.

இதற்கு மாறாக நியூகாசில் நகரில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்னும் வைத்தியர் 1920களிலேயே தாய்மாரைக் குழந்தைகளோடு தங்கவிட்டார். நியூசிலாந்தில் பிக்கரில் தம்பதியர், உதடு பிளந்து பிறந்த குழந்தைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தபின் தாய்மாரையே பராமரிக்க வைத்தனர். தாய் மட்டும் தொட்ட குழந்தைக்குக் கிருமி தொற்றுவது குறைந்ததையும் கண்டனர். 1952இல் ஜேம்ஸ் றொபேட்சன் என்பவர், தொப்புள் குடலிறக்கத்துக்காக எட்டு நாள் வைத்தியசாலையிற் கிடந்த இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம் பிடித்தார். அவள் ஓயாமல் அழவில்லை, அடக்கிக்கொண்டிருந்தாள். அமைதியாயிருக்கும் பிள்ளை தேறிவிட்ட பிள்ளை அல்ல என்பதைப் பார்த்தோர் உணர்ந்தனர். 1959இல் சத்திரசிகிச்சை நிபுணர் ஹரி பிளாற் தலைமையிலான குழு, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்கவும், சிறு பிள்ளைகளோடு தாய் தங்கவும் இடமளிக்க வேண்டும் என்று அரசாங்கத்துக்கு அறிக்கை சமர்ப்பித்தது.

நமது வீடுகளுக்கு

பெற்றோரே, இந்த வைத்தியரின் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில உண்டு.

உங்கள் பிள்ளைக்குத் தொண்டைக்கட்டி வெட்டவோ, குடலிறக்கம் சரிசெய்யவோ நாள் குறிக்கப்பட்டால் அதை மறைக்க வேண்டாம். மிகச் சிறிய பிள்ளைக்கு ஓரிரு நாள் முன்பும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு ஒரு வாரம் முன்பும் எளிய வார்த்தைகளிற் சொல்லுங்கள். மருந்தினால் நித்திரை வரும், நித்திரையில் நோகாது, எழும்பியபின் சிறிது நோகும், அதற்கும் மருந்து தருவார்கள் என்று உள்ளதைச் சொல்லலாம். பிள்ளை செய்த குற்றத்துக்குத் தண்டனையாக நோய் வந்தது என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். சொல்லாவிட்டாலும் பல பிள்ளைகள் அப்படியே எண்ணி உள்ளுக்குள் வருந்துகின்றன. அது அவ்வாறல்ல என்று நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும்.

சத்திரசிகிச்சைக்கு முன் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லும் நேரத்தில், பாவம் பசிக்கிறதே என்று ஒளித்து ஒரு பிஸ்கற்றுத் துண்டும் கொடுக்கலாகாது. மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள் சென்றால் உயிருக்கே ஆபத்து. பிள்ளைக்குப் பிடித்த பொம்மையோ பழகிய போர்வையோ கூடவே போகட்டும். வெளியே போக நேர்ந்தால் ஒளித்து ஓடாதீர்கள். போகிறேன் என்றும், எப்போது வருவேன் என்றும் சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்கு வாருங்கள். பிள்ளை அழும். ஆயினும் அடுத்த முறை உங்கள் சொல்லை நம்பும்.

குமரப்பருவத்து மகனையும் மகளையும் சிறு குழந்தைபோல நடத்தவும் வேண்டாம், முழுதாய் வளர்ந்தவர்போல விட்டுவிடவும் வேண்டாம். வைத்தியரிடம் அவர்களே பேசட்டும், கேள்வி கேட்கட்டும். உடலைப் பற்றிய கூச்சம் அவர்களுக்கு நோவைவிடப் பெரிது. அவர்களுடைய நோயை வீதிக்கும் உறவுக்கும் பேச்சாக்காதீர்கள்.

கிறேற் ஓமண்ட் வீதியில் அந்த வைத்தியசாலை இன்றும் பணியாற்றுகின்றது. பத்துக் கட்டில்களோடு தொடங்கியவரின் பெயரை நம்மவர் அதிகம் அறியார். அறியாவிட்டாலும் குற்றமில்லை. அடுத்த முறை வைத்தியசாலை வாசலில் பிள்ளை நம் முகத்தைப் பார்த்து நோகுமா என்று கேட்கும்போது, கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் நோகும், நான் பக்கத்தில் இருப்பேன் என்று உண்மையைச் சொல்வோமானால், அதுவே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.